பொன் உருக்கிய பிறகு

ஜனவரி 6

டொக்டர் எழுதச் சொல்லியிருக்கிறாள். சில மாதங்களாக வலது கை அடிக்கடி நடுங்குகிறது. இரத்தம் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லையாம். "மனதில் இருப்பதை எழுதுங்கள், அன்றைக்குக் கை நடுங்கியதா இல்லையா என்பதையும் குறித்து வையுங்கள்" என்றாள். மனதில் இருப்பதை எழுதத் தொடங்கினால் இந்தக் கொப்பி காணாது என்று சொல்ல வாய் வந்தது. டெனிஷ் மொழியில் அதை விளங்கப்படுத்துவதற்குள் பஸ் போய்விடும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

சரி, எழுதுகிறேன். ஹேர்னிங்கில் முதியோர் இல்லத்தில் வேலை. பெப்ரவரி எட்டாம் திகதி என் மகன் சேயோனுக்குக் கல்யாணம். சேயோன் டென்மார்க் இராணுவத்தில் தொலைத்தொடர்புப் பிரிவில் இருக்கிறான். பெண் மாதங்கி நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தகப்பன் யோகநாதனும் என் மனுசனும் கரவெட்டியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நல்ல சம்பந்தம், நல்ல பிள்ளை, பொருத்தமும் பரவாயில்லை. ஆனால் நேரம்தான் சரியில்லை. அமெரிக்காவுக்குக் கிறீன்லாந்து வேண்டுமாம். கிறீன்லாந்து டென்மார்க்கின் முடிக்குக் கீழே இருக்கிற தீவு. போன வருசம் கேட்டார்கள், பிறகு மறந்தார்கள், இப்போது திரும்பவும் கேட்கிறார்கள்.

என் மனுசன் குணரத்தினம் காலையிலிருந்து செய்திக்கு முன்னால்தான். டெனிஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, பிறகு யூடியூப்பில் தமிழில் ஒருமுறை. மூன்று மொழியிலும் ஒரே செய்திதான். அரிசி ஊறப்போடச் சொன்னேன். போடவில்லை.

கை நடுங்கவில்லை.

ஜனவரி 9

கல்யாணத்துக்கென்று வட்சப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். சேலை நிறம், பலகாரம், யாரை யார் விமானநிலையத்தில் ஏற்றுவது, இதெல்லாம் பேசத்தான். இன்றைக்கு அதில் யோகநாதன் ஒரு வரைபடம் போட்டு, "அந்தத் தீவை உவங்களால காக்க ஏலாது. எங்கட ஆக்கள் எடுத்தால் எல்லாருக்கும் நல்லது" என்று எழுதியிருக்கிறார்.

எங்கட ஆக்களாம்! இவர் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்து துள்ளி எழும்பினார்.

"பாத்தீரே மங்கை? ஊரில எங்கட வேலியை அரை முழம் தள்ளிக் கட்டினதும் உவன்ர கொப்பர்தான். பரம்பரைப் பழக்கம்."

"இஞ்சாருங்கோ, வாயை மூடிக்கொண்டு இருங்கோ. சம்பந்தி."

இருப்பாரா? எழுதினார். அவர் எழுதினார். இவர் திருப்பி எழுதினார். யோகநாதனின் பெண்சாதி சாந்தினி சம்பந்தி நடுவில் பாவம், பால் குடிக்கிற பூனைக்குட்டியின் படம் ஒன்றைப் போட்டா. கடைசியில் போனைப் பறித்துச் சீனி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஜனவரி 10

குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல்லெண்ணெய்க்கும் உழுந்துக்கும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 13

வேலையில் இங்கர் கிழவி புது வழக்கம் பிடித்திருக்கிறாள். காலைக் கஞ்சியில் முந்திரிகை வற்றல், அதுதான் காய்ந்த திராட்சை, போட்டால், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடி போட்டு வாசிக்கிறாள். கலிபோர்னியா என்றிருந்தால் ஒவ்வொன்றாகக் கரண்டியால் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறாள். இருபது கிழவர்களுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் எனக்கு. துருக்கி வற்றல் வாங்கி வையுங்கள் என்று சமையற்காரனிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் யோகநாதனின் அழைப்பு. அவர் வழக்கத்தில் பெரிய சத்தமாகப் பேசுகிறவர். இன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"மங்கை, நிலைமை ஒரு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு என்ன செய்வினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. கல்யாணத்தைச் சித்திரைக்குப் பிறகு வைப்பமோ எண்டு யோசிக்கிறன்."

இன்றைக்குச் சித்திரை என்பார், பிறகு ஆவணி என்பார், பிறகு பிள்ளையின் மனம் மாறிவிட்டது என்பார். எழுபது எண்பது வருசமாகக் கட்டிப் பிடித்துக் கொண்டு இருந்த நாடுகளே கையெழுத்து வைத்ததையெல்லாம் மறந்துவிட்டுத் திரிகின்றன. யோகநாதனின் வாய்ப்பேச்சை நம்பி நான் எப்படி இருப்பது?

"பொன்னுருக்கலை இருபத்தைஞ்சாம் திகதி வைக்கிறம். பத்தருக்கு அண்டைக்குத்தான் நேரமாம்" என்று சொல்லிவிட்டேன். பொய். தாலி செய்கிற பத்தரிடம் நான் இன்னும் பேசவே இல்லை.

பொன்னுருக்கல் எங்கள் ஆட்களிடம் சும்மா விளையாட்டு இல்லை. மாப்பிள்ளை வீட்டில் பத்தரைக் கூப்பிட்டு, சுமங்கலிப் பெண்கள் சுற்றி நிற்க, தாலிக்குரிய பொன்னை உருக்குவது. உருக்கிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது மாதிரி. பிறகு நாள் தள்ளக் கூடாது. மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். வழக்கமாகக் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் செய்வார்கள். இரண்டு கிழமைக்கு முன்னால் செய்தவர்கள் ஒருவரும் இல்லை. நான் செய்கிறேன். யாரும் பின்வாங்காமல் இருக்க ஒரு பூட்டுப் போடுகிறேன்.

ஹம்பேர்க்கில் இருக்கிற பத்தருக்கு உடனே எடுத்தேன். "அக்கா, ஏன் இவ்வளவு அவசரம்?" என்றார். வரச் சொன்னேன். வருகிறாராம்.

ஜனவரி 15

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்து தட்டெல்லாம் கருகிவிட்டது. எந்தப் பக்கம் வழிந்தது என்று இவர் குனிந்து பார்த்தார். நான்கு பக்கமும் வழிந்தது.

சேயோன் வந்திருந்தான். பொங்கலை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, இந்த ஊரில் வாங்கக் கூடிய தடித்த கம்பளிக் காலுறை எது என்று கேட்டான். தேனிலவுக்கு நோர்வே போகப் போகிறார்களாம். அதற்குத்தான் இருக்கும். ஒரு சோடி போதாது, மாதங்கிக்கும் வாங்கு என்றேன். சிரித்தான். அவனுக்கு என் தகப்பனின் சிரிப்பு. வாய் மட்டும் சிரிக்கும்.

போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக் கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். டெனிஷ்காரரோடு பழகிப் பழகி இவனுக்கும் இந்தப் பழக்கம்.

கை நடுங்கவில்லை. கோலம் கோணலாகப் போனது மா ஈரமாக இருந்ததால்.

ஜனவரி 17

தீவைக் கொடுக்காவிட்டால் டென்மார்க் சாமானுக்கு மேலதிக வரியாம். டென்மார்க்குக்குத் துணை நிற்கிற மற்ற நாடுகளுக்கும் சேர்த்தாம். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர்வலத்துக்குப் போகப் போகிறேன் என்று சப்பாத்தைப் போட்டார். முழங்கால் வலி. படியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சம்பந்தி அமெரிக்காவாமே என்று இங்கர் கேட்டாள். ஓம் என்றேன். வீட்டில் ஆள் செத்துப்போன மாதிரி என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

ஜனவரி 22

வரி இல்லையாம். யாரோடோ பேசினார்களாம், ஏதோ இணக்கமாம். இவர் தன் கட்சி தோற்றவர் மாதிரி ரிமோட்டை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அப்படி என்றால் நேற்றுவரை நாங்கள் எல்லாம் நித்திரை முழித்தது எதற்கு?

மாதங்கி வந்து சேர்ந்துவிட்டாள். வேலையில் முன்கூட்டியே லீவு கொடுத்தார்களாம். தாயும் தகப்பனும் பிறகு வருகிறார்கள். இந்த ஊரிலேயே யோகநாதனின் ஒன்றுவிட்ட தங்கச்சி வசந்தி இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கியிருக்கிறாள். நானும் சேயோனும் போய்ப் பார்த்தோம். கொஞ்சம் ஒல்லி. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறாள்.

"மாமி, அப்பா ஒரு கொயின் தந்தவர். உருக்கிறதுக்கு."

பார்த்தால் அமெரிக்கத் தங்கக் காசு. ஒரு பக்கம் கழுகு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பொன்தான் உருக்குவது. இது யோகநாதனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் அனுப்பியிருக்கிறார்.

ஜனவரி 25

பொன்னுருக்கல் முடிந்தது. களைத்துப் போனேன், சுருக்கமாக எழுதுகிறேன்.

புகை வந்தால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும் என்று, கூரையில் இருக்கிற புகைக் கருவிக்குக் குளியல் தொப்பியைப் போட்டுக் கட்டினோம். அப்படியும் பத்தர் ஊதத் தொடங்கியவுடன் கத்தியது. கீழ் வீட்டு லார்ஸ் தீயணைப்புக் குழாயோடு வந்துவிட்டான். அவனுக்கும் ஒரு கதிரை போட்டு வடை கொடுத்தோம்.

எந்தக் காசு என்று பெரிய பிரச்சினை. இவர் அரசி தலை போட்ட பவுணை வெற்றிலையில் வைத்துக் கொண்டு நிற்கிறார். யோகநாதன் வீடியோவில் இருந்து, "மச்சான், என்ர காசு எங்க? கமராவுக்குக் காட்டு" என்கிறார். இவர் கேளாதவர் மாதிரி நிற்கிறார். பத்தர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு இரண்டையும் எடுத்து ஒரே மூசையில் போட்டார்.

"ரெண்டும் இருபத்திரண்டு கரட்தான் ஐயா. உருகினாப் பிறகு என்ன தலை, என்ன கழுகு. எனக்கு ஆறு மணிக்கு ரெயின்."

உருகியது. நல்ல மஞ்சள், ஒரே கட்டி, வெடிப்பு இல்லை.

ஊரிலிருந்து என் அக்காவும் வீடியோவில் இருந்தா. ஆனால் கமராவைச் சுவருக்குத் திருப்பி வைத்திருந்தா. ஒரு கலண்டரும் பல்லியும்தான் தெரிந்தது. "அக்கா, முகத்தைக் காட்டுங்கோ" என்றேன். "சுமங்கலியள் நிக்கிற இடம். நான் உதுக்க எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன், நீ செய்" என்றா. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

பொன்னைப் பத்தர் தாலி செய்யக் கொண்டுபோய்விட்டார். இனி யோகநாதன் சித்திரை ஆவணி என்று ஒரு கதையும் சொல்ல முடியாது. இன்றைக்கு நன்றாக நித்திரை வரும்.

ஜனவரி 26

சேயோன் கிறீன்லாந்துக்குப் போக வேண்டுமாம். பெப்ரவரி இரண்டாம் திகதி.

புழுங்கலரிசி இன்னும் வரவில்லை. கடைக்காரனுக்கு மூன்று தரம் எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வருகிறார்கள், அரிசி இல்லாமல் எதைப் போடுவது? பொறுப்பில்லாத ஆட்கள்.

ஜனவரி 27

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

பயிற்சி என்று சொல்லுகிறார்கள். டென்மார்க் ஆட்களைக் கூட்டி அனுப்புகிறது. ஐரோப்பாவில் வேறு சிலரும் கொஞ்சப் பேரை அனுப்புகிறார்களாம். எத்தனை மாதம் என்று தெரியாது. கல்யாணம் எட்டாம் திகதி என்று சொல்லி லீவு கேள் என்றேன். சேயோன் நிலத்தைப் பார்த்தான். இவர் சுவரைப் பார்த்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இவருக்கு முதலே தெரியும்.

"அம்மா, நான்தான் பேர் குடுத்தனான். மார்ச்சிலதான் எங்கட முறை எண்டவை. இப்ப முன்னுக்குத் தள்ளிப்போட்டினம்."

"நீயா குடுத்தனி? ஏன்ரா?"

"வேற ஆர் போறது? லார்ஸின்ர மகன் போறான். என்னோட படிச்சவங்கள் எல்லாரும் போறாங்கள். நான் மட்டும் கலியாணம் எண்டு நிண்டால், இவ்வளவு காலம் இந்த யூனிபோர்மை ஏன் போட்டனான்?"

நான் கத்தினேன். உள்ளதை எழுதத்தானே சொன்னாள் டொக்டர், எழுதுகிறேன். ஒரு யூனிபோர்மைக் கண்டு ஓடி, இன்னொரு யூனிபோர்மைக் கண்டு ஓடி, கடலைத் தாண்டி, பனியில் விழுந்தெழும்பி இந்த நாட்டுக்கு வந்தது, நான் பெறுகிற பிள்ளை ஒருநாளும் துவக்குப் பிடிக்கக் கூடாது என்றுதான். இவன் படித்து எஞ்சினியராகி, அதையும் கொண்டுபோய் அங்கேயே வைத்தான். வயர் வேலைதானம்மா என்றான். நானும் நம்பினேன். எனக்கு ஆத்திரம் வருகிறது. பயமும் வருகிறது. ஆத்திரம்தான் கூட.

தேத்தண்ணிக் கோப்பை உடைந்தது கை வழுக்கியதால்.

ஜனவரி 28

யோகநாதனுக்குச் செய்தி போய்விட்டது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கேட்கிறது.

"என்ர மருமகன் என்ர நாட்டுக்கு எதிராத் துவக்கோட நிக்கப் போறாரோ? நான் இஞ்ச கடையில ஆற்ற முகத்தில முழிக்கிறது?"

"டேய் யோகன், அவன் துவக்கோட இல்லையடா, வயரோட."

"வயரெண்டால் என்ன, துவக்கெண்டால் என்ன! பிள்ளையை நாளைக்கே திரும்பி வரச் சொல்லுறன். எங்கட ரிக்கற்றையும் கான்சல் பண்ணியாச்சு."

இவர் போனை என்னிடம் நீட்டினார். பொன் உருக்கியாச்சு அண்ணை, இனித் தள்ளக் கூடாது என்று நானே சொல்ல வேண்டியதை நானே சொல்ல முடியாமல் நின்றேன். கூட்டாளிகள் ஐம்பது வருசக் கதையை ஐந்து நிமிசத்தில் முடித்துக் கொண்டார்கள். சாந்தினி பின்னால் நின்று அழுகிற சத்தம் கேட்டது.

பூட்டுப் போட்டது நான். இப்போது உள்ளே நிற்பதும் நான்தான்.

ஜனவரி 29

பனி கொட்டுகிறது. பின்னேரம் கதவு மணி. திறந்தால் மாதங்கி. தொப்பி இல்லை, தலையெல்லாம் பனி. வசந்தி வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"மாமி, சேயோனைப் பாக்க வேணும்."

அவன் உள்ளே அறையில் பை அடுக்கிக் கொண்டிருந்தான். நான் கதவை முழுக்கத் திறக்கவில்லை. காலை வைத்துக் கொண்டு நின்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் நின்றேன்.

"பொன்னுருக்கினாப் பிறகு பாக்கக் கூடாது பிள்ளை. மணவறையிலதான்."

"அப்ப மணவறையை இப்ப வையுங்கோ. அவர் போறதுக்கு முதல் தாலியைக் கட்டட்டும். நான் அப்பாட்டச் சொல்லிப்போட்டன், நான் திரும்பிப் போகேல்லை."

"அப்பிடிச் செய்யேலாது. ஹோல் எட்டாம் திகதிக்கு. ஐயர் எட்டாம் திகதிக்கு. தாலி ஹம்பேர்க்கில. அப்பா அம்மா இல்லாமல் ஆர் தாரை வாக்கிறது? அவசரக் கலியாணம் நல்லதில்லை, பிள்ளை. அவர் போட்டு வரட்டும்."

அவள் என்னைப் பார்த்துக் கொண்டு நின்றாள். அழவில்லை.

"மாமி, நீங்கள் பயந்தது ஹோலுக்கில்லை."

வாசலில் இருந்த என் தொப்பியை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். யார் வந்தது என்று சேயோன் கேட்டான். தபால் என்றேன்.

கை நடுங்கவில்லை, கை நடுங்கவில்லை.

ஜனவரி 30

இங்கருக்கு இன்று துருக்கி வற்றல். திருப்தி.

சரி. அக்காவைப் பற்றி எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இது நெஞ்சில் கல்லாகக் கிடக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு. அத்தானுக்கும் அக்காவுக்கும் பேச்சு முடிந்திருந்த நேரம் சண்டை தொடங்கியது. இனி என்ன நடக்குமோ என்று அவசரம் அவசரமாகக் கட்டி வைத்தார்கள். மேளம் இல்லை, பந்தல் இல்லை. வாசலில் கட்டின மாவிலை காயவில்லை, அத்தான் சைக்கிளை எடுத்துக் கொண்டு மருந்து வாங்கப் போனார். சந்தியில் மறித்தார்கள் என்றார்கள். யார் மறித்தது என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். அவர் திரும்பி வரவும் இல்லை, செத்தார் என்று ஒருவர் சொல்லவும் இல்லை. அக்கா இன்றுவரை பொட்டு வைக்கிறா. நல்ல காரியங்களில் முன்னுக்கு வரமாட்டா. துக்க வீடுகளில் கைம்பெண்களோடு சேர்ந்தும் இருக்கமாட்டா. எந்தப் பக்கம் என்று தெரியாமல் முப்பத்தைந்து வருசமாகக் கமராவைச் சுவருக்குத் திருப்பி வைத்துக் கொண்டு இருக்கிறா.

அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பெட்டை வாசலில் பனியோடு நின்றபோது எனக்குத் தெரிந்தது அக்காவின் நெற்றிதான்.

அக்காவுக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தாலி கட்டாமல் போகட்டும் அக்கா, நாளைக்கு ஒன்றென்றால் அந்தப் பிள்ளை வேறு வாழ்க்கை பார்க்கலாம், உங்களை மாதிரி ஆக வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அந்தப் பக்கத்தில் காகம் கத்தியது.

"மங்கை, என்னை மாதிரி எண்டு சொல்லுறாய். என்னை ஒருநாளும் கேட்டதில்லை."

"என்னத்தை அக்கா?"

"அந்த அவசரக் கலியாணம் வேண்டாம் எண்டு நான் நினைச்சனோ எண்டு. அம்மாவும் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை. எல்லாரும் எனக்காக அழுதியள், அவ்வளவுதான்." மூச்சு வாங்கினா. "அவர் எனக்கு ஒரு கிழமைதான் புருசன். அந்த ஒரு கிழமையும் இல்லாமல் இவ்வளவு காலமும் நான் என்னெண்டு இருந்திருப்பன்? நான் பொட்டு வைக்கிறது அவர் வருவார் எண்டில்லையடி. அவர் வந்தவர் எண்டு. கட்டச் சொல்லு."

குசினி நிலத்தில் இருந்து அழுதேன். இவர் வந்து பக்கத்தில் இருந்தார், முழங்கால் வலியோடு. பிறகு இரண்டு பேராலும் எழும்ப முடியவில்லை. சேயோன் வந்துதான் தூக்கிவிட்டான்.

போக முதல் தாலியைக் கட்டு என்று அவனிடம் சொன்னேன். வசந்தி வீட்டுக்கு எடுத்துச் சொன்னேன். பத்தருக்கும் எடுத்தேன். "அக்கா, நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு கதை" என்றார். இரவிரவாக இருந்து முடித்துத் தருகிறாராம்.

பெப்ரவரி 1

என் மகனுக்குக் கல்யாணம் முடிந்தது.

வரவேற்பறையில்தான். புத்தக அலுமாரியை நகர்த்தி, அதன் முன்னால் சிவப்புச் சேலையைக் கட்டி மணவறை. குளியல் தொப்பி திரும்பவும் கூரைக்கு ஏறியது. ஐயருக்குக் கோயிலில் அபிஷேகம் இருந்ததால் இடையில் ஒரு மணித்தியாலம்தான் தந்தார். மந்திரம் பனிச்சறுக்கில் போகிற மாதிரிப் போனது. தாரை வார்த்தது வசந்தியும் புருசனும். தோழியாக நிற்க வேண்டிய என் மகள் லண்டனில், பனியால் விமானம் இல்லை. லார்ஸின் பெண்சாதி பின்னால் விளக்கைப் பிடித்துக் கொண்டு நின்றாள். அவள் மகனும் நாளைக்கு அதே விமானத்தில்தான் போகிறான்.

மாதங்கி அறைக்குள் இருந்து வந்தாள். குனிந்து வந்தவள் நடுவில் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஒரு கிழமைதான் பாராமல் இருந்தது, ஒரு வருசம் பாராத மாதிரிப் பார்த்தார்கள். நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். ஹம்பேர்க்கிலிருந்து பத்தரே முதல் ரெயினில் தாலியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் இருந்து நித்திரை கொண்டுகொண்டிருந்தார். அவரை எழுப்பித்தான் அட்சதை கொடுத்தேன்.

நியூ ஜேர்சியில் அப்போது விடியாத நேரம். சாந்தினி சம்பந்தி மனுசனுக்குத் தெரியாமல் கராஜில் காருக்குள் இருந்து போனில் பார்த்தா. முகம் தெரியவில்லை. விசும்புகிறது மட்டும் கேட்டது.

அக்காவும் இருந்தா. கமராவை நேரே வைத்திருந்தா. பெரிய பொட்டு, தலையில் கனகாம்பரம். "வடிவாயிருக்கிறியள்" என்றேன். "விசர்க் கதை கதையாமல் அலுவலைப் பார்" என்றா.

பெப்ரவரி 2

போகவில்லை! விமானம் பிந்திவிட்டதாம். ஏதோ பேச்சுவார்த்தையாம். புட்டும் முட்டைப் பொரியலும். இரண்டு பேரும் பத்து மணிவரை எழும்பவில்லை. நான் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவினேன்.

பெப்ரவரி 3

இன்றைக்கும் போகவில்லை. நாளைக்கு என்கிறார்கள், நாளன்றைக்கு என்கிறார்கள். பை கதவடியில் கிடக்கிறது. ஒவ்வொரு தரமும் காலில் தடக்குகிறது. உள்ளே எடுத்து வை என்று சொல்லவும் பயம், அப்படியே கிடக்கட்டும் என்று விடவும் பயம்.

பெப்ரவரி 4

பிரச்சினை முடிந்ததாம். அமைச்சர்கள் கை குலுக்குகிறார்கள், சிரிக்கிறார்கள், நேட்டோ முன்னைவிடப் பலமாம். அரை மணித்தியாலத்தில் யோகநாதனின் அழைப்பு. பழைய சத்தம்.

"மச்சான், நான் அப்பவே சொன்னனானெல்லே! உதெல்லாம் பேரம் பேசுற முறையடா. ஏழாம் திகதி நாங்கள் வந்து இறங்கிறம். ஹோல் இருக்குத்தானே?"

இவர் போனைக் காதில் வைத்துக் கொண்டு என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இருக்கு. வா" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் வயதாகிவிட்டது.

அப்படியென்றால் நீ போகத் தேவையில்லைத்தானே என்று சேயோனைக் கேட்டேன்.

"அது அவையள் கதைக்கிறது அம்மா. எங்கட ஓடர் மாறேல்லை. நாளைக்குக் காலமை."

பெப்ரவரி 5

போய்விட்டான். காலுறை மூன்று சோடி வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8

ஹோலுக்கு முற்பணம் கட்டியாகிவிட்டது, முந்நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, சமையல் தயாராக நிற்கிறது. மாப்பிள்ளை மட்டும் இல்லை. எல்லாரும் வந்தார்கள். வாழ்த்தினார்கள், சாப்பிட்டார்கள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டு உடனே வாயைப் பொத்தினார்கள். மேடையில் இரண்டு கதிரை. ஒன்றில் மாதங்கி கூறைச்சேலையோடு. மற்றதில் சேயோனின் தலைப்பாகை இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யோகநாதன் வந்ததிலிருந்து ஒரு மூலைக் கதிரையில்தான். இவர் போய்ப் பக்கத்தில் இருந்தார். பிறகு இவரின் போனில் ஏதோ செய்தி மணி அடித்தது. அன்றைக்குக் கை குலுக்கியவர்களில் ஒருவர், தாங்கள் அப்படி ஒன்றும் உடன்படவில்லை என்று இன்றைக்குச் சொல்லியிருக்கிறாராம். இவர் வாசிக்கத் தொடங்கினார். போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கோ என்று நான் சொல்ல முதலே யோகநாதன் அதை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தார்.

"மங்கை," என்றார். "அங்க இப்ப எவ்வளவு குளிராயிருக்கும்?"

"தெரியாது அண்ணை. காலுறை குடுத்துவிட்டனான்."

"அண்டைக்கு இவ காருக்குள்ள இருந்து பாத்தவ. நான் கராஜ் கதவுக்குப் பின்னால நிண்டனான். உள்ள போக வெக்கமாயிருந்துது. மந்திரம் மட்டும்தான் கேட்டுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக் கொண்டே இருந்தார். அந்த மனுசனோடு எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. களைப்பில் கரைந்துவிட்டது போல.

பின்னேரம் மேடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் மாதங்கியைக் காணப் போனேன். முகத்தைக் கழுவிவிட்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. சேயோன் எடுத்தவனாம், ஒரு நிமிசம் பேசினானாம், பிறகு லைன் போய்விட்டதாம். வயர்காரனின் போனே வேலை செய்யவில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"மாமி, பொட்டுக் கழுவுப்பட்டுப் போச்சு. வைச்சுவிடுறியளோ?"

குங்குமச் சிமிழை எடுத்தேன். வைத்தேன்.

கை நடுங்கியது. டொக்டர், எழுதுகிறேன், நடுங்கியது. இந்தக் கொப்பியில் இல்லை இல்லை என்று எழுதின நாட்களிலெல்லாம் நடுங்கியது. பொட்டு கொஞ்சம் கோணலாக, ஒரு பக்கம் இழுபட்டுப் போனது. பொறு பிள்ளை, துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன் என்று சேலைத் தலைப்பை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

"துடைக்க வேண்டாம் மாமி. இருக்கட்டும்."